மலையக வீட்டுக்குப் பெரிய திரை டி.வி: டேப்பில் தொடங்கி செட்டிங் வரை

பெரிய டி.வி வாங்க நினைப்பவர்களில் அதிகம் பேர் அட்டனிலோ பண்டாரவளையிலோ கண்டியிலோ கடைக்குள் கால் வைத்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். கடையில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். அந்த டி.வியோடு அடுத்த ஏழெட்டு வருடம் வாழப்போவது உங்கள் காம்பராவும் உங்கள் சுவரும் உங்கள் வீட்டுக் கரண்டும். அதனால் பாதித் தெரிவை வீட்டிலேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். கடையில் பார்க்க வேண்டியது அதற்குப் பிறகு கொஞ்சம்தான்.

முதலில் டேப்பை எடுங்கள்

உட்கார்ந்து பார்க்கும் இடத்திலிருந்து திரை வரப்போகும் இடம் வரை எத்தனை அடி என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சுவரிலிருந்து சுவருக்கு அளக்கக்கூடாது, கண்ணிலிருந்து திரைக்கு அளக்க வேண்டும். மேசைமேல் வைத்தால் திரை சுவரை விட்டு ஓர் அடியாவது முன்னால் வரும். கட்டிலோ கதிரையோ பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி தின்னும். 10 அடி காம்பராவில் உண்மையான தூரம் ஏழரை அடிக்குமேல் கிடைக்காது.

4கே திரைக்குப் பொருத்தமான தூரம், மூலைவிட்ட அளவைப்போல் 1.2 முதல் 1.6 மடங்கு. கணக்குப் போட்டால் 43 அங்குலத்துக்கு நாலேகால் முதல் ஐந்தே முக்கால் அடி, 50 அங்குலத்துக்கு 5 முதல் ஆறே முக்கால், 55 அங்குலத்துக்கு ஐந்தரை முதல் ஏழேகால், 65 அங்குலத்துக்கு ஆறரை முதல் எட்டே முக்கால். லயக் காம்பராவுக்கு 50 அல்லது 55 தாராளம். 7 பேர்ச் காணியில் கட்டிக் கொடுக்கப்பட்ட 550 சதுர அடி வீடுகளின் முன்னறைக்கும் இதே அளவுதான். 65 அங்குலம் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்து கேம் ஆடும் பிள்ளை, மூலையில் உள்ள வரைபடத்தைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டிவரும். அரை மணி நேரத்தில் கழுத்து வலிக்கும்.

அடுத்தது அகலம். 55 அங்குலத் திரை ஏறக்குறைய 4 அடி அகலம், 65 அங்குலம் 4 அடி 9 அங்குலம். பழைய செய்தித்தாள்களை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் மாட்டிப் பாருங்கள், அலமாரிக் கதவு திறக்குமா, ஜன்னல் மறையுமா என்பது உடனே தெரியும். கதவுக்கு நேர் எதிரே திரையை வைக்காதீர்கள். வாசல் வெளிச்சம் முழுவதும் திரையில் விழுந்து, பகலில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பக்கச் சுவர் நல்லது.

உயரம்: திரையின் நடுப்பகுதி கண்மட்டத்தில் இருக்க வேண்டும். கதிரையில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை அடி, பாயில் உட்கார்ந்தால் இரண்டரை அடி. சாமிப்படத்துக்குப் பக்கத்தில் உயர்த்தி மாட்டும் பழக்கம் சின்ன டி.விக்குச் சரி. பெரிய திரையை அப்படி மாட்டினால் அண்ணாந்து பார்க்க வேண்டும்.

சுவரில் மாட்டலாமா? சுவரைப் பொறுத்தது. 55 அங்குல டி.வி 14 முதல் 18 கிலோ வரை இருக்கும். பழைய லயங்களில் கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவரில் ஆணிபோல் போல்ட்டை அடித்தால் சாந்து உதிர்ந்து, சில மாதத்தில் தொங்கத் தொடங்கும். பலகைத் தடுப்பில் மாட்டவே கூடாது. உள்ளே வெற்றிடம் உள்ள சிமெந்துக் கல்லில் சாதாரண போல்ட் பிடிக்காது, அதற்கென்று உள்ள பிடியைத்தான் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் உறுதியான தாழ்ந்த மேசை, டி.வியின் பின்னால் இரண்டு பட்டி, அவற்றைச் சுவரில் கட்ட ஒரு கொக்கி. இது போதும், குழந்தை இழுத்தாலும் சாயாது. மழைக்காலத்தில் ஈரம் கசியும் வெளிச்சுவர் என்றால் மாட்டுவதை மறந்துவிடுங்கள். அந்தச் சுவருக்கும் டி.விக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும்.

கரண்டும் இடியும்

இந்த மலையில் டி.வியைக் கொல்வது பழைமை அல்ல, மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது ரிமோட்டில் அணைத்தால் எந்தப் பயனும் இல்லை. ப்ளக்கைக் கழற்ற வேண்டும். அதோடு நிற்காமல் டிஷ் கேபிளையும், அன்டெனா வயரையும், ரவுட்டரிலிருந்து வரும் செப்பு வயரையும் கழற்றுங்கள். ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் கேபிளை விட்ட டி.விகள்தான் அதிகம் போகின்றன. மின்னழுத்தம் அந்தக் கேபிள் வழியே டிஷ் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து எச்.டி.எம்.ஐ வயரில் ஏறி டி.வியின் மெயின் போர்டைச் சுடும். ஃபைபர் இணைப்பின் கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. ஆனால் அந்தப் பெட்டியின் அடப்டர் ப்ளக்கில்தானே இருக்கிறது, அதையும் கழற்றுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். நமது வழங்கல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில், வரிசையின் கடைசியில் உள்ள வீடுகளில் மாலை 6 மணிக்குப் பிறகு அது இறங்கும். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இரவு 7 மணியளவில் மல்டிமீட்டர் உள்ள ஒருவரை வைத்து ப்ளக் பேஸில் அளந்து பாருங்கள். பிறகு டி.வியின் பின்பக்க லேபிளைப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் குறைந்த வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை, அந்தப் பணம் மிச்சம். 220-240 என்று மட்டும் இருந்து, உங்கள் வீட்டில் 190க்குக் கீழே போகிறது என்றால் நல்ல ஸ்டெபிலைசர் தேவை.

கூடிய வோல்டேஜ்தான் ஆபத்து. கம்பத்தில் நியூட்ரல் வயர் தளர்ந்தால் வீட்டுக்குள் 300 வோல்ட்டுக்கு மேலும் வரலாம். அளவு மீறினால் தானாக வெட்டி, நிலைமை சீரானபின் சில நிமிடம் பொறுத்து மீண்டும் விடும் பாதுகாப்புக் கருவி கிடைக்கிறது. ஒரு புது டி.வியோடு அதையும் வாங்குவது வீண்செலவு இல்லை. சேர்ஜ் தடுப்பு உள்ள வயர்கோட் வாங்குவதென்றால் வீட்டில் எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். எர்த் இல்லாத இரண்டு முனை அடப்டரில் அதைச் செருகினால், பாயும் மின்னழுத்தம் போவதற்கு வழியில்லை. பாறை நிலத்தில் எர்த் குச்சி சரியாக வேலை செய்கிறதா என்று வயரிங் தெரிந்தவரிடம் அளக்கச் சொல்லுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பில்லையும் கணக்கில் எடுங்கள். 55 அங்குல டி.வி சராசரி 120 வாட் இழுக்கிறது என்று வைத்தால், நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மாதம் 18 யூனிட். இப்போது 50 யூனிட் பாவிக்கும் வீடு 68க்குப் போகும். 60ஐத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறுகிறது என்பதால் பில் 18 யூனிட் அளவுக்கு மட்டும் கூடாது. திரை வெளிச்சத்தைக் குறைத்தால் இந்த எண்ணிக்கையும் நன்றாகவே குறையும்.

கேம் ஆடுவதற்கு

இங்கேதான் கூடுதல் பணம் வீணாகிறது. எந்தக் கருவியில் ஆடப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லிக்கொள்ளுங்கள். சாதாரண பிஎஸ்4 என்றால் அது தருவது 1080 கோட்டுப் படம், 60 ஹெர்ட்ஸ். அதற்கு 120 ஹெர்ட்ஸ் டி.வி வாங்கினால் ஒரு மாற்றமும் தெரியாது. பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எக்ஸ், நல்ல கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினி, இவை மூன்றும் 4கே தரத்தில் 120 ஹெர்ட்ஸ் தரக்கூடியவை. அப்போது மட்டும் எச்.டி.எம்.ஐ 2.1 துளை, உண்மையான 120 ஹெர்ட்ஸ் திரை, படவேகத்துக்கு ஏற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்ளும் விஆர்ஆர் வசதி, மூன்றையும் கேளுங்கள். பழைய 2.0 துளை 18 கிகாபிட்தான் தாங்கும், அது 4கே 60 ஹெர்ட்ஸோடு முடிந்தது. 2.1 துளை 48 கிகாபிட் வரை போகும். பல டி.விகளில் நாலு துளையில் ஒன்றோ இரண்டோதான் அப்படி இருக்கும், எது என்று துளைக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

பெட்டியில் 'மோஷன் ரேட் 240' என்ற மாதிரி எண்களைப் பார்த்தால் நம்ப வேண்டாம். அது திரையின் வேகம் இல்லை, விளம்பரக் கணக்கு. தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் 'நேட்டிவ்' அல்லது 'பேனல்' புதுப்பிப்பு வேகம் என்ற வரியில் 50/60 என்று இருக்கிறதா, 100/120 என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டனை அழுத்துவதற்கும் திரையில் ஆள் குதிப்பதற்கும் இடையிலான தாமதம், சாதாரண படமுறையில் 100 மில்லி செக்கனைத் தொடும் டி.விகளும் உண்டு. கேம் மோடைப் போட்டால் அது 10 முதல் 20க்குள் வந்துவிடும். பந்தை அடிக்கும்போது பேட் பிந்துகிறது என்று புதுக் கன்ட்ரோலர் வாங்கக் கிளம்புமுன் அந்த ஒரு செட்டிங்கைப் பாருங்கள்.

குளிரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்.இ.டி திரைக்குள் இருப்பது திரவப் படிகம், குளிரில் அது மந்தமாக நகரும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் டி.வியைப் போட்டதும் வேகமான காட்சியில் நிழல் இழுபட்டால் அது பழுது அல்ல. திரை சூடேற ஒரு கால் மணி நேரம் கொடுங்கள். புள்ளிகள் தாமாகவே ஒளிரும் ஓலெட் திரையில் இந்தத் தொல்லை இல்லை.

படம் பார்ப்பதற்கு

படத்துக்கு முக்கியம் கறுப்பு. இரவுக் காட்சியில் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் எத்தனை கே இருந்தும் பயனில்லை. ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக அணையும் என்பதால் கறுப்பு முழுக் கறுப்பு. எல்.இ.டி வகையில் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு திரை இனம் உண்டு. விஏ திரைகள் வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே 3000க்கு 1 என்ற அளவிலோ அதற்கு மேலோ வேறுபாடு காட்டும், ஐபிஎஸ் திரைகள் 1000க்கு 1 அளவில் நிற்கும். ஆனால் ஐபிஎஸ் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. சின்ன அறையில் ஐந்தாறு பேர் கட்டில் ஓரத்திலும் கதவு நிலையிலும் உட்கார்ந்து பார்க்கும் வீடு என்றால் ஐபிஎஸ்ஸைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு பேர் விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கும் வீடு என்றால் விஏ. க்யூலெட் என்பது வேறு இனம் அல்ல, நிறம் கூட்டிய எல்.இ.டிதான். மினி லெட், பின்னொளியைப் பல பகுதிகளாகப் பிரித்து அணைக்கக்கூடியது. ஓலெட்டுக்குக் கையில் பணம் போதாதவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை அதுதான்.

எச்.டி.ஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் படமுறை, இந்த எழுத்து இப்போது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) மட்டும் தரும் திரை அந்தச் சிக்னலை வாங்கும், ஆனால் காட்டாது. 600 நிட்ஸுக்கு மேலே போனால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எச்.டி.ஆரில் ஒரு வகையான டொல்பி விஷன் வேண்டும் என்பவர்கள் சாம்சங் டி.விகளில் அது இல்லை, அதற்குப் பதில் எச்.டி.ஆர் 10 பிளஸ் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கிரிக்கெட் பார்க்கும் வீட்டுக்கு இது: டிஷ் பெட்டியின் செட்டிங்கில் வெளியீடு 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 50க்கு மாற்றுங்கள். நமது ஒளிபரப்பு 50. பொருந்தாவிட்டால் பந்து எல்லைக்கு ஓடும்போது விட்டுவிட்டு நகரும், பலர் அதை டி.வியின் குறை என்று நினைக்கிறார்கள்.

சத்தம்தான் மலையகத்தில் தனிக்கதை. தகரக் கூரையில் தென்மேற்கு மழை கொட்டும்போது டி.விக்குள் இருக்கும் 10 வாட் ஸ்பீக்கர் இரண்டும் காணாமல் போகும். ஒலியை 100க்கு ஏற்றினால் இசை மட்டும் கத்தும், பேச்சு விளங்காது. நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள, அதாவது 3.1 என்று எழுதப்பட்ட, சவுண்ட்பார் ஒன்றுக்காகக் கொஞ்சப் பணத்தை ஒதுக்குங்கள். திரையில் ஓர் அளவு குறைத்தாலும் பரவாயில்லை. டி.வியின் ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் ஈ-ஆர்க் என்ற எச்.டி.எம்.ஐ துளை இருக்கிறதா என்று பார்த்து, அதிலேயே சவுண்ட்பாரைச் செருகுங்கள்.

இணையம் பார்க்க

டி.விக்குள் வரும் பிரவுசரை நம்பி வாங்காதீர்கள். நினைவகம் குறைவு, நாலு பக்கம் திறந்ததும் திணறும். பிள்ளையின் பாடத்துக்கோ பத்திரிகை வாசிக்கவோ வேண்டுமென்றால் பழைய லெப்டொப் ஒன்றை எச்.டி.எம்.ஐயில் இணைத்து, வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் வைப்பதுதான் உருப்படியான வழி.

அப்படி இணைத்ததும் எழுத்து மங்கலாகத் தெரிந்தால் காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது, டி.வி படத்தின் ஓரத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது. படஅளவு மெனுவில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஃபிட் டு ஸ்கிரீன்' என்பதைப் போடுங்கள். இரண்டாவது, நிறத் தகவலை டி.வி பாதியாகச் சுருக்குகிறது. அந்தத் துளையின் பெயரை 'பிசி' என்று மாற்றினால் பெரும்பாலான டி.விகள் 4:4:4 என்ற முழு நிறத்துக்கு வரும். தமிழுக்கு இது மிக அவசியம். சிவப்பிலோ நீலத்திலோ எழுதிய தலைப்புகளில் புள்ளியும் சுழியும் ஒன்றோடொன்று கலந்து, 'ன' எது 'ண' எது என்று தெரியாமல் போவது இதனால்தான். மூன்றாவது, கணினியில் எழுத்தின் அளவு. 4கே திரையில் அதை 200 சதவீதம் வையுங்கள்.

ஓலெட் வாங்குபவர்கள் ஒரே பக்கத்தை மணிக்கணக்கில் அசையாமல் விடக்கூடாது. அடியில் நிற்கும் பட்டியும், செய்திச் சேனலின் சின்னமும், கேமில் மூலையில் நிற்கும் எண்களும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தால் தழும்பாகப் பதியும். நாள் முழுவதும் செய்தி ஓடும் வீட்டுக்கு ஓலெட் வேண்டாம் என்றே சொல்வோம்.

இன்டர்நெட் வேகம்: நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ் கேட்கிறது, 1080க்கு 5 போதும். டேட்டா, 4கே என்றால் மணிக்கு 7 ஜிபி வரை, எச்.டி என்றால் 3 ஜிபி வரை. இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் ஒன்று 4கேயில் 17 ஜிபியைத் தாண்டலாம். 4ஜி ரவுட்டரில் மாத அளவு வைத்திருப்பவர்கள் செட்டிங்கில் எச்.டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரவுட்டரைச் சிக்னல் நன்றாக வரும் ஜன்னலில் வைத்து, அங்கிருந்து டி.விக்கு லேன் வயர் இழுங்கள். தடித்த கல்சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது, வயர் இழுக்க முடியாவிட்டால் 2.4ஐப் பாவியுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

'அண்ட்ராய்ட் டி.வி' என்று ஒட்டியிருப்பதெல்லாம் கூகுளின் அனுமதி பெற்றவை அல்ல. விலை மலிவான சிலவற்றில் ஃபோனுக்கான அண்ட்ராய்டைத் திணித்திருப்பார்கள். அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் திறக்கும், ஆனால் படம் எச்.டியில் வராது, பழைய டி.வி போல மங்கலாக இருக்கும். பிளே ஸ்டோரைத் திறந்து, செட்டிங்கில் 'அபவுட்' பகுதியில் சான்றளிக்கப்பட்ட சாதனம் என்று இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். காட்ட மறுத்தால் அந்த டி.வியை விட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்து ஒரு பென் டிரைவில் முழு வெள்ளை, முழு கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் என்று ஆறு படங்களையும், ஒரு கிரிக்கெட் காட்சியையும் கொண்டுபோங்கள். ஒற்றை நிறத்தில் இறந்த புள்ளி தெரியும். சாம்பலில் அழுக்குப் பட்டைகள் தெரியும், அவைதான் பின்னால் மைதானப் பச்சையில் கண்ணை உறுத்தும். காட்சிக்கு வைத்த செட்டை விலை குறைத்துத் தந்தாலும் வாங்க வேண்டாம். நாள் முழுவதும் உச்ச வெளிச்சத்தில் ஓடியது அது.

உத்தரவாதத்தில் மூன்று கேள்வி: கொடுப்பது கம்பெனி முகவரா, கடையா? திரைக்கும் எத்தனை வருடம்? பழுதானால் தோட்டத்துக்கு ஆள் வருமா, நாம் கண்டிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் டி.விக்குப் பெரும்பாலும் இங்கே உத்தரவாதம் செல்லாது, அதையும் விலையில் சேர்த்துப் பாருங்கள். கடை வாக்கை மீறினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு முறையிடலாம்.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

பெரிய திரை உடைவது பெரும்பாலும் கடைசி மூன்று மைல் தோட்டப் பாதையில்தான். 55 அங்குலப் பெட்டி ஆட்டோவில் நிமிர்ந்து நிற்காது. படுக்க வைத்தால், ஒவ்வொரு குழியிலும் கண்ணாடி தன் எடையாலேயே வளைந்து விரிசல் விடும். பட்டா லொறி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, பெட்டியை நிமிர்த்தி, இருபுறமும் மெத்தை வைத்து, கயிற்றை ஓரங்களில் மட்டும் கட்டுங்கள். நடுவில் இறுக்கக்கூடாது. படங்கு அவசியம், மழை எந்த வளைவில் காத்திருக்கும் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கொண்டுவந்தவர்களின் முன்னாலேயே பெட்டியைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துத் திரையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உடைந்த திரையை உத்தரவாதம் ஏற்காது. தூக்கும்போது இருவர், கை கீழ் விளிம்பிலும் பக்கத்திலும் மட்டும். உடனே கரண்ட் கொடுக்க வேண்டாம். குளிர்ந்த லொறியிலிருந்து அடுப்புச் சூடு உள்ள அறைக்கு வந்த டி.விக்குள் பனித்துளி படியும். மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள்.

முதல் நாள் செட்டிங்

தொடக்கத்தில் 'வீடு' என்பதைத் தெரிவு செய்யுங்கள், 'கடை' அல்ல. படமுறையில் 'சினிமா' அல்லது 'ஃபிலிம் மேக்கர்' போடுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், பிறகு அதுதான் சரியென்று கண்ணுக்குப் புரியும். காட்சியை வழுவழுப்பாக்கும் செட்டிங்கைப் படத்துக்கு அணையுங்கள். கேம் கருவி இருக்கும் துளைக்கு உயர் சிக்னலைத் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்.ஜியில் 'டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்ட் ஃபார்மட்' என்று அதற்குப் பெயர். 120 ஹெர்ட்ஸ் தேவையென்றால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' முத்திரை உள்ள, மூன்று மீற்றருக்கு மேற்படாத கேபிளாக இருக்கட்டும். அதைவிட நீளமான மலிவுக் கேபிளில் படம் நடுவே கறுத்துக் கறுத்து வரும்.

விறகு அடுப்பு உள்ள வீட்டில் புகைக்கரி பின்பக்கத் துளைகளில் படியும். மாதம் ஒருமுறை ப்ளக்கைக் கழற்றி, மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். திரையைத் துடைக்க மைக்ரோ ஃபைபர் துணி, தேவையென்றால் சில துளித் தண்ணீர், அதுவும் துணியில்தான், திரையில் அல்ல. டி.வியைப் பல நாள் பாவிக்காமல் விட்டாலும், இடி இல்லாத நாளில் ஒரு மணி நேரமாவது ஓட விடுங்கள். ஈரம் உலர அந்தச் சூடு போதும்.